‘பண்ணு’வோடு நின்றுபோன ஆங்கிலம்

நாமக்கல் பஸ் நிலையத்தில் கால் மணி நேரம் நின்று காதைக் கொடுத்தால் போதும், நூறு ஆங்கிலச் சொல்லாவது விழும். ‘லோடு ஏத்தியாச்சுங்களா’, ‘பார்ட்டி அட்வான்ஸ் குடுத்தாச்சு’, ‘ரிட்டன் எம்ப்டியா வருது’, ‘வண்டிக்கு எப்.சி. எடுக்கோணும்’, ‘பையன் மேத்ஸ்ல சென்டமுங்க’. பேசுகிறவர்களில் பலர் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள். இவர்கள் கடன் வாங்கி ஆங்கில வழியில் படிக்க வைத்த பிள்ளை பொறியியல் முடித்துவிட்டு வளாக நேர்காணலில் உட்காருகிறான். ‘உன்னைப் பற்றி ஐந்து வாக்கியம் சொல்லு’ என்றதும் வாய் அடைத்துக்கொள்கிறது. சொல் கிடைக்காமல் அடைத்துக்கொண்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சொல் அவனிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது.

அந்தச் சொற்கள் அவனிடம் வந்து சேர்ந்த வழியில்தான் சிக்கல். தமிழ் எந்த ஆங்கில வினைச்சொல்லையும் நேராக உள்ளே விடுவதில்லை. ‘டிரைவ்’ வந்தால் அதை ஓரமாக உட்காரவைத்துப் பக்கத்தில் ‘பண்ணு’வை நிறுத்திவிடும். காலம், எண், பால், மரியாதை எல்லாவற்றையும் பண்ணுதான் சுமக்கும். டிரைவ் பண்ணினான், டிரைவ் பண்ணுவாங்க, டிரைவ் பண்ணாதே, டிரைவ் பண்ணியிருந்தா. இத்தனைக்கும் டிரைவ் ஒரு இம்மிகூட அசையாது. ‘டிரோவ்’ என்றோ ‘டிரிவன்’ என்றோ ஒரு வடிவம் இருப்பதே பாடப்புத்தகத்தின் பின்பக்கப் பட்டியலைப் பார்க்கிறவரை தெரியாது. பெயரடைக்கும் இதே கதி: நீட்டா, ஸ்ட்ராங்கான, லூசா. பத்து வயதுப் பிள்ளைக்கு நூற்றுக்கணக்கில் ஆங்கில வினைகள் தெரிந்திருக்கும். அவற்றில் ஒன்றைக்கூட இறந்தகாலத்தில் அது கேட்டிருக்காது.

ஆகவே இந்த வட்டாரத்து ஆங்கிலப் பிழைகளைப் பற்றிப் பேசும்போது ‘அடிப்படை சரியில்லை’, ‘கிராமத்துப் பிள்ளைகள்’ என்று பொத்தாம் பொதுவாகத் தள்ளிவிடுவது சோம்பேறித்தனம். பிழைகளில் பெரும்பகுதி ஒழுங்கானவை. அந்த ஒழுங்கு தமிழிலிருந்து வருவது. ஆனால் ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் போடுகிற ஊர் இது.

ஆங்கிலம் இங்கே நேற்று வந்ததல்ல. 1792இல் திப்புவோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலமும் பாராமகாலும் கும்பெனி கைக்குப் போயின. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் வந்து நிலவரியை வகுத்தார்கள். கச்சேரி ஆங்கிலம் அன்றே தொடங்கிவிட்டது. இன்றைய சேலம் அரசு கலைக் கல்லூரியின் வேர் 1857இல் தொடங்கிய பள்ளியில் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப்போனால் ஏற்காட்டில் 1917 முதல் மான்ட்போர்ட் பள்ளி நடக்கிறது. மலைமேல் ஒரு ஆங்கிலம், சமவெளியில் ஒரு ஆங்கிலம் என்ற பிரிவு அப்போதே வந்துவிட்டது. 1968இல் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை ஏற்ற பிறகு தமிழோடு நிற்கும் ஒரே மொழி ஆங்கிலம் என்றானது. 1792இலிருந்து எண்ணினால் இருநூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. இன்னும் ‘ஹி’க்குப் பின்னால் வரும் ‘எஸ்’ நம் நாக்கில் நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை என்பதற்கு மொழியியலாளர்கள் ஒரே குரலில் பதில் சொன்னதில்லை. 1957இல் ராபர்ட் லேடோ, தாய்மொழியும் கற்கும் மொழியும் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கேதான் கற்பவர் தடுக்கி விழுவார், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் பிழையை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்றார். 1967இல் பிட் கார்டர் வேறு திசையிலிருந்து வந்தார்: கற்பவர் மனத்துக்குள் ஒரு இலக்கணம் உருவாகிக்கொண்டிருக்கிறது, பிழை அதற்கான தடயம், அதைக் குற்றமாக எண்ணாதீர்கள் என்றார். 1972இல் லேரி செலிங்கர் அந்த நடுவழி இலக்கணத்துக்கு ஒரு பெயரே வைத்தார். 1974இல் ஹெய்டி டுலேயும் மரீனா பர்ட்டும் ஸ்பானிய மொழிக் குழந்தைகளையும் சீன மொழிக் குழந்தைகளையும் ஒப்பிட்டுவிட்டு, தாய்மொழி எதுவானாலும் ஆங்கில உருபுகள் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் பிடிபடுகின்றன என்றார்கள். அந்த வரிசையில் படர்க்கை ஒருமை ‘எஸ்’ கடைசிப் பக்கம். லேடோ சொன்னது முழுக்கச் சரியென்றால் சீனப் பிள்ளைக்கும் ஸ்பானியப் பிள்ளைக்கும் வேறு வேறு வரிசை வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இந்த வழக்கில் நம்மூர் நோட்டுப் புத்தகம் எந்தப் பக்கம் சாட்சி சொல்லும்? ராசிபுரம் பக்கத்துப் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் அப்பாவைப் பற்றி எழுதிய மூன்று வாக்கியங்களை எடுத்துக்கொள்கிறேன். ‘மை ஃபாதர் இஸ் டிரைவிங் லாரி. ஹி நோ ஹிந்தி. ஐ டோன்ட் நோ வென் வில் ஹி கம்.’

முதல் வாக்கியத்தில் இரண்டு சுழி விழும். லாரிக்கு முன்னால் ‘எ’ இல்லை. அடுத்தது, தொழிலைச் சொல்லும் இடத்தில் ‘டிரைவ்ஸ்’ என்று வரவேண்டும், ‘இஸ் டிரைவிங்’ என்றால் இந்த நிமிடம் ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று ஆகிவிடும். தமிழில் கேட்டுப்பாருங்கள்: ‘அப்பா என்ன பண்றாரு?’ ‘லாரி ஓட்டிக்கிட்டிருக்காருங்க.’ அப்பா அந்த நேரம் வீட்டுத் திண்ணையில் தூங்கிக்கொண்டிருக்கலாம். ‘ஓட்டிக்கொண்டிருக்கிறார்’ என்பது நமக்குத் தொழிலையும் சொல்லும், நடப்பதையும் சொல்லும். அவள் தமிழை அப்படியே ஆங்கிலத்தில் வைத்திருக்கிறாள்.

‘எ’ விட்டுப்போனதற்குக் காரணம் இன்னும் சுவாரசியமானது. தமிழில் ‘தி’ கிடையாது, அதனால்தான் இந்தப் பிழை என்று எல்லா இலக்கண வகுப்பிலும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது பாதி உண்மை. ‘லாரி ஓட்டினான்’ என்கிறோம், ‘லாரியை ஓட்டினான்’ என்றும் சொல்கிறோம். முதலாவதில் ஏதோ ஒரு லாரி. இரண்டாவதில் கேட்பவருக்கும் தெரிந்த அந்த லாரி. ‘கோழி புடிச்சான்’ என்பதற்கும் ‘கோழியைப் புடிச்சான்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பள்ளிக்கே போகாத பாட்டியும் தவறாமல் காப்பாற்றுவார். அஃறிணைப் பெயரில் ஐ உருபு தொக்கி நிற்பதும் விரிந்து வருவதும் ஆங்கிலத்தில் ‘எ’யும் ‘தி’யும் செய்கிற வேலையில் ஒரு பங்கைச் செய்கின்றன. இரண்டாம் வேற்றுமைத் தொகையைத் தமிழ் ஐயா ஒரு வகுப்பில் நடத்துகிறார். பக்கத்து வகுப்பில் ஆங்கில ஆசிரியர் ஆர்ட்டிக்கிள் நடத்துகிறார். இடையில் ஒரு சுவர்தான். இருவரும் ஒருநாளாவது உட்கார்ந்து பேசியிருந்தால் பிள்ளைகளுக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். உருபு எழுவாய்க்கு வராதே, ‘தி சன்’ என்பதை எப்படி விளக்குவது என்று கேட்கலாம். எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. பொருந்தாத இடங்கள் எவை என்று தெரிவதே பாதிப் பாடம்.

இரண்டாம் வாக்கியத்தில் ‘நோஸ்’ ‘நோ’வாகிவிட்டது. வருகிறான், வருகிறாள், வருகிறார், வருகிறது என்று வினைமுற்றில் ஆளை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டும் மொழிக்காரருக்கு ஒற்றை எஸ் எப்படித் தவறுகிறது? இங்கே டுலே, பர்ட் கட்சி ஜெயிக்கிறது, உலகம் முழுக்க இது தவறுகிறது. ஆனால் நமக்கென்று இரண்டு காரணம் கூடுதல். நம் வினையில் எல்லா ஆளுக்கும் விகுதி உண்டு. ஆங்கிலத்தில் ஐந்து இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு ஒரே ஒரு இடத்தில் மட்டும் வால் ஒட்டுகிறார்கள், அது காதுக்குக் கணக்கிலேயே வருவதில்லை. அடுத்தது ஓசை. நம் சொல் வல்லின மெய்யில் முடியாது, குற்றியலுகரம் வந்து தாங்கும்: பஸ்ஸு, லைட்டு, ரிக்கு. ‘ஆஸ்க்ஸ்’, ‘ஹெல்ப்ஸ்’ என்று இரண்டு மூன்று மெய்கள் வாசலில் முட்டிக்கொண்டு நிற்கும்போது கடைசி ஆள் வெளியேவே நின்றுவிடுகிறார்.

மூன்றாம் வாக்கியம் அசல் தமிழ். ‘எப்ப வருவாருன்னு தெரியல.’ தமிழில் கேள்வியை உள்ளதுபடியே எடுத்து ‘என்று’ போட்டு ஒட்டிவிடலாம், கேள்வியின் உருவம் மாறாது. ஆங்கிலத்தில் உள்ளே போகும் கேள்வி தன் சொல்வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். ‘வென் வில் ஹி கம்’ என்று வெளியே சரியாகக் கற்றவள்தான் உள்ளேயும் அதையே வைத்தாள். கேள்விகளைச் சரியாகக் கற்காதவர்கள் இந்தப் பிழையைச் செய்யவே மாட்டார்கள். அவர்கள் ‘வென் ஹி வில் கம்?’ என்று வெளியே தப்பாகக் கேட்டுவிட்டு உள்ளே தற்செயலாகச் சரியாக எழுதிவிடுவார்கள், அவர்களுக்கு முழு மதிப்பெண் விழும்.

பன்மைக்கு நாமக்கல்லை விட நல்ல பாடசாலை கிடையாது. தினமும் கோடிக்கணக்கில் முட்டை உற்பத்தியாகும் ஊர் இது. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் நாமக்கல் விலையைப் பார்த்துத்தான் ஊர் ஊராக வியாபாரம் நடக்கிறது. இங்கே யாரும் ‘முட்டைகள்’ என்று பேசி நான் கேட்டதில்லை. முப்பது முட்டை, ஒரு அட்டை. பத்து லட்சம் முட்டை, இத்தனை லாரி. அஃறிணையில் ‘கள்’ விருப்பத்துக்கு உரியது என்பது நம் இலக்கணமே. எண் முன்னால் வந்துவிட்டால் அது வேண்டியதே இல்லை. அதனால் ‘தர்ட்டி எக்’ என்று பிள்ளை எழுதுவதில் ஒரு நியாயம் இருக்கிறது: முப்பது என்று சொன்ன பிறகும் எதற்கு இன்னொரு முறை? பிறகு திருத்தத் திருத்த எல்லா இடத்திலும் எஸ் ஒட்டக் கற்றுக்கொண்டு, ஒட்டக்கூடாத இடத்திலும் ஒட்டுகிறது: ‘இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘ஃபர்னிச்சர்ஸ்’, ‘லக்கேஜஸ்’. தகவல்கள் என்று தமிழில் சொல்லலாம் என்பதால் இதைப் பிழை என்று நம்பவைக்கவே முடிவதில்லை.

வேற்றுமை உருபுக்கும் ஆங்கில முன்னிடைச்சொல்லுக்கும் இடையிலான கணக்கு யாருக்கும் தீர்ந்ததில்லை. சேலத்தில், மேசையில், பஸ் நிலையத்தில், மார்ச்சில் என்று ஒரே ‘இல்’ போதும் நமக்கு. அங்கே ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’ என்று மூன்று பேர், அவரவர் எல்லைக்கு வேலியும் சரியாக இல்லை. காருக்கு ‘இன்’, பஸ்ஸுக்கு ‘ஆன்’ என்பதற்கு எந்த ஆசிரியரும் திருப்தியாகக் காரணம் சொல்லிக் கேட்டதில்லை. இது மனப்பாடம்தான். ஆனால் ‘டிஸ்கஸ் அபௌட்’, ‘மேரீட் வித்’, ‘என்டர்டு இன்டு த ரூம்’ ஆகியவை வேறு வகை. பற்றிப் பேசினோம், அவரோடு கல்யாணம் ஆனது, அறைக்குள் நுழைந்தான் என்று நம் உருபு போய் அங்கே ஒட்டிக்கொண்டது. இவற்றுக்குக் காரணம் சொல்லலாம், சொன்னால் பிள்ளைக்கு மறக்காது.

‘எனக்கு’ என்று தொடங்கும் வாக்கியங்களும் அப்படியே. எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும், எனக்கு இரண்டு அண்ணன், எனக்குக் காய்ச்சல். நான்கிலும் நாம் எழுவாய் இல்லை, நமக்கு நேர்வது அது. ஆங்கிலத்தில் நான்குக்கும் ‘ஐ’தான் முன்னால் நிற்கும், பின்னால் வரும் வினை மட்டும் ‘ஆம்’, ‘நோ’, ‘ஹேவ்’ என்று மாறும். ‘ஐ ஆம் ஹேவிங் ஃபீவர்’, ‘ஐ ஆம் நாட் நோயிங்’ எல்லாம் இந்த மாற்றத்தில் தடுமாறியவை.

‘நீ வரலையா?’ என்று கேட்டால் ‘ஆமா, வரல’ என்கிறோம். கேட்டவர் சொன்னது சரி என்பதற்கு ஆமாம். ஆங்கிலத்தில் ‘நோ, ஐ ஆம் நாட்’. ‘யெஸ்’ என்று சொல்லிவிட்டு வராமல் இருந்து, பெங்களூரு அலுவலகத்தில் திட்டு வாங்கிய நம்மூர்ப் பிள்ளைகள் ஏராளம்.

கொங்குப் பேச்சுக்கே உரிய ஒரு இடர்ப்பாட்டை எந்த இலக்கணப் புத்தகமும் கண்டுகொள்வதில்லை. சேலம், நாமக்கல், ஈரோட்டு வட்டாரத்தில் மரியாதை வினையின் வாலில் தொங்கும்: சொல்லுங்க, சரிங்க, ஏனுங்க, இல்லைங்க, அப்படியுங்களா. ‘ங்க’ இல்லாமல் பெரியவரிடம் ஒரு வாக்கியம் முடிந்தால் அது முடிந்ததாகவே தோன்றாது, மொட்டையாக நிற்கும். ஆங்கில வினையில் அந்த வாலுக்கு இடமில்லை. நம் பிள்ளை என்ன செய்கிறது? ‘சார்’ஐக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைக்கிறது. ‘யெஸ் சார், கமிங் சார், நோ சார், டுடே லீவ் சார், டுமாரோ ஐ வில் கிவ் சார்.’ கேட்கிற வெளியூர் மேலாளர் இவன் ரொம்பவும் பயந்தவன், தன்னம்பிக்கை இல்லாதவன் என்று குறித்துக்கொள்கிறார். பயமெல்லாம் இல்லை. வீட்டில் சொல்லிக்கொடுத்த ‘ங்க’ அது.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். ஆங்கில மரியாதை வாக்கியத்தின் முகப்பில் இருக்கிறது: ‘குட் யூ’, ‘வுட் யூ மைண்ட்’, ‘ப்ளீஸ்’. ‘தண்ணி குடுங்க’ என்பதில் முழு மரியாதையும் அடங்கிவிடுவதால், ‘கிவ் மி வாட்டர்’ என்று நேராக மொழிபெயர்த்தவருக்குத் தான் முரட்டுத்தனமாகப் பேசினோம் என்பதே தெரியாது. ‘சிட்’, ‘கம்’, ‘டெல்’ எல்லாம் அப்படியே. ‘டீச்சர் வந்தாங்க’ என்பதை ‘டீச்சர் தே கேம்’ என்று எழுதியதற்குச் சிவப்பு மை போடுகிற ஆசிரியர், ஒற்றை ஆசிரியரைப் பன்மையாக்கிய அந்தப் பிள்ளையின் பணிவைக் கவனித்திருக்க மாட்டார். இலக்கணப் பிழையைக் கேட்பவர் மன்னித்துவிடுவார், மரியாதைப் பிழையைக் குணம் என்று எடுத்துக்கொள்வார். அதனாலேயே இதை முதல் வரிசையில் கற்றுத்தர வேண்டும் என்கிறேன்.

உச்சரிப்பை அதிகம் நீட்ட வேண்டியதில்லை. சொல் முதலில் வரும் எகரத்தோடு யகரமும் ஒகரத்தோடு வகரமும் சேர்வதால் ‘எக்’ ‘யெக்’ ஆகும், ‘ஒன்லி’ ‘வொன்லி’ ஆகும். ‘ஸு’ என்ற அதிர்வொலி வாய்க்கு வராமல் மிருகக்காட்சி சாலை ‘ஜூ’ ஆனது. எழுதியபடி படிக்கும் எழுத்தில் வளர்ந்தவர்களுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் காலமெல்லாம் பகை. புரியும்படி பேசினால் போதும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

சொல்வளத்துக்கு வருவோம். பண்ணுவோடு வந்த ஆங்கிலச் சொற்கள் தமிழில் தங்கித் தங்கி வேறு பொருள் எடுத்துக்கொண்டுவிட்டன. நாமக்கல்லில் ‘பாடி பில்டிங்’ என்றால் லாரிக்குக் கூண்டு கட்டுவது, அதைக் கேட்டு உடற்பயிற்சிக் கூடத்தைத் தேடினால் பட்டறையில் வெல்டிங் பொறிதான் தெறிக்கும். லாரியில் போகும் ‘கிளீனர்’ டிரைவரின் உதவியாள். ‘ஸ்டெப்னி’ இன்றைய பிரிட்டனில் சொன்னால் பலருக்குப் புரியாது. வேல்ஸ் நாட்டு லனெத்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் தொடங்கிய மாற்றுச்சக்கர வியாபாரத்தின் பெயர் அது, அங்கே மறந்துபோய் நம் லாரிகளில் நிலைத்துவிட்டது. பள்ளிக்கூட உலகில் இன்னும் வேடிக்கை. ‘கரஸ்பாண்டென்ட்’ இங்கே பள்ளி நிர்வாகி, வெளியே செய்தியாளர். ‘சென்டம்’ என்ற லத்தீன் சொல்லை நூற்றுக்கு நூறு என்ற பொருளில் தமிழ்நாட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லிப் பயனில்லை. ‘போர்ஷன் முடிஞ்சுது’, ‘பைஹார்ட் பண்ணு’, ‘எனக்கொரு டவுட்’ எல்லாம் இதே கூட்டம். ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்று கையைத் தூக்கினால் இங்கிலாந்துக்காரர் தன் பேச்சின்மேல் இவனுக்குச் சந்தேகம் என்று எடுத்துக்கொள்வார், நாம் ஒரு கேள்வி கேட்கத்தான் எழுந்தோம்.

தமிழ் ஒரு சொல்லால் முடிப்பதை ஆங்கிலம் பிரித்துவைத்திருக்கும் இடங்கள் இன்னொரு கண்ணி. ‘கேள்’ கேள்விக்கும் பாட்டுக்கும் பொது என்பதால் ‘ஐ ஆஸ்க்டு சாங்’. ‘பார்’ ஒன்றை அங்கே ‘சீ’, ‘லுக்’, ‘வாட்ச்’ என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். பண்ணுவே ‘டூ’வும் ‘மேக்’கும். மாத்திரை சாப்பிடுகிறோம், தலைவலி வருகிறது, லைட்டைப் போடுகிறோம், அதனால் ‘ஈட் டேப்லெட்’, ‘ஹெட்ஏக் இஸ் கமிங்’, ‘புட் த லைட்’. ‘புட் ஆஃப்’, ‘புட் அப் வித்’ போன்ற இரட்டை வினைகளைக் கண்டு மிரளும் மாணவனிடம் சொல்ல ஒரு ஆறுதல் உண்டு: முடித்துவிட்டான், முடித்துக்கொண்டான், முடித்துப்போட்டான் என்ற மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை வெள்ளைக்காரருக்கு விளக்கிப்பார், அவரும் இதே பாடுபடுவார்.

இதில் எதைப் பிழை என்பது, எதை இந்திய ஆங்கிலம் என்பது என்ற கேள்வி வரும். பிரஜ் கச்ரு போன்றவர்கள் இந்திய ஆங்கிலம் தனக்கென்று ஒழுங்குள்ள ஒரு வகை என்று வாதாடி நிலைநாட்டினார்கள். ‘பிரிபோன்’ ஆங்கில அகராதிகளிலேயே ஏறிவிட்டது. ‘டுடே இட்செல்ஃப்’, ‘ஹியர் ஒன்லி’ ஆகியவற்றில் நம் ஏகாரமும் ‘தான்’உம் உட்கார்ந்திருக்கின்றன, படித்தவர்களே பேசுகிறார்கள். இவற்றைத் துரத்திக்கொண்டு வகுப்பு நேரத்தை வீணடிக்கத் தேவையில்லை. என் அளவுகோல் எளியது. கேட்பவர் பொருளை மாற்றிப் புரிந்துகொள்வாரா? அப்படியென்றால் திருத்து. சிரிப்பார் என்பதற்காக மட்டும் என்றால் விட்டுவிடு. இந்தக் கணக்கில் ‘யெஸ்’, ‘நோ’ குழப்பமும் ‘கிவ் மி’யும் கட்டாயம் திருத்த வேண்டியவை, ‘ஒன்லி’ இருந்துவிட்டுப் போகட்டும்.

இவ்வளவும் மொழிக்குள் இருக்கும் காரணங்கள். மொழிக்கு வெளியே ஒரு பெரிய காரணம் இருக்கிறது. திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போர் போடப் போனவர் மத்தியப் பிரதேசத்தில் ஒரு வருடம் இருந்துவிட்டு இந்தி பேசிக்கொண்டு திரும்புகிறார். நாமக்கல் லாரிக்காரருக்குக் கன்னடமும் தெலுங்கும் தண்ணீர்பட்ட பாடு. சேலத்தில் நெசவாளர் வீடுகளில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுத் தெருவுக்கு வந்து தமிழ் பேசும் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். மொழி கற்கத் தெரியாத மண்ணில்லை இது. பன்னிரண்டு ஆண்டு படித்தும் ஆங்கிலம் மட்டும் ஏன் வராமல் போனது என்பதற்குப் பள்ளிதான் பதில் சொல்ல வேண்டும்.

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோட்டு விடுதிப் பள்ளிகள் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கே பெயர் பெற்றவை. தொழிற்கல்வி நுழைவுத் தேர்வு 2007இல் ஒழிந்ததும் பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றே கதவு என்றானது. பொறியியல் கட்-ஆப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் மட்டுமே சேரும், ஆங்கிலம் சேராது. மாநில ரேங்க்குக்காக மட்டும் ஆங்கிலத்தின் 200 மதிப்பெண் தேவைப்பட்டது, அதற்குக் கட்டுரையையும் கடிதத்தையும் அச்சடித்த நோட்ஸிலிருந்து அப்படியே இறக்கிவைத்தால் போதும். 2017இல் ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்தியது. அதே ஆண்டு நீட் வந்தது. அதையடுத்து 1200 மதிப்பெண் 600 ஆனது, ஆங்கிலத்தின் இரண்டு தாள் ஒன்றானது. இத்தனை மாற்றத்திலும் ஒன்று மட்டும் மாறவில்லை: மாணவர் தானாக ஒரு வாக்கியம் யோசித்து எழுத வேண்டிய கட்டாயம் வரவேயில்லை. ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’வில் ‘ஆன்’, ‘எ’, ‘தி’ சரியாகப் போட்டு நான்கு மதிப்பெண் வாங்குகிறவர்தான் விடுப்புக் கடிதத்தில் மூன்றையும் விட்டுவிடுகிறார்.

சரிசெய்யும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. 1960 வாக்கில் சென்னை மாநிலத்தில் 27,000 தொடக்கநிலை ஆங்கில ஆசிரியர்களுக்குப் புதிய அமைப்புமுறைப் பாடத்தைப் பயிற்றுவிக்க முனைந்தார்கள். சிலருக்குக் கற்றுக்கொடுத்து அவர்கள் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் அந்தத் திட்டம் ‘மெட்ராஸ் பனிப்பந்து’ என்று ஆங்கிலக் கல்வி உலகில் பேசப்பட்டது. வாக்கிய அமைப்புகளைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பதே அதன் உயிர். இருபது ஆண்டு கழித்து, அப்படிச் சொல்லவைப்பதால் வகுப்புக்கு வெளியே சரியான வாக்கியம் வருவதில்லை என்று என்.எஸ். பிரபு கேள்வி எழுப்பினார். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகள் சிலவற்றில் அவர் நடத்திய சோதனையில் இலக்கணப் பாடமே கிடையாது. ரயில் அட்டவணையையும் வரைபடத்தையும் கையில் கொடுத்து, எந்த வண்டியில் போனால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம் என்பது போன்ற புதிரை ஆங்கிலத்தில் தீர்க்கச் சொன்னார். உலகம் முழுவதும் ஆங்கிலம் கற்பிப்போர் இன்றும் அந்தப் பரிசோதனையைப் படிக்கிறார்கள். நம் வகுப்பறைக்குள் அது வரவில்லை. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் திறக்கப்பட்டன. பாடம் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும், விளக்கம் தமிழில் நடக்கும், விடை ஆங்கிலத்தில் மனப்பாடமாகும். இந்த மூன்றில் எங்கேயும் பிள்ளை ஆங்கிலத்தில் யோசிப்பதில்லை. தெருமுனை ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ நிலையங்களைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லலாம்: அங்கேயாவது வாயைத் திறக்கச் சொல்கிறார்கள்.

பிரபுவின் வழி சரி என்றே நினைக்கிறேன், ஆனால் அது மட்டும் போதாது. தமிழ் இழுத்துச்செல்லும் பிழைகள் பயன்படுத்தப் பயன்படுத்தத் தானாகத் தேய்ந்துவிடும் என்பதற்கு நம் அலுவலகங்களே மறுப்பு, இருபது வருடம் ஆங்கிலத்தில் வேலை பார்த்தவர்களும் ‘ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி’ என்றுதான் எழுதுகிறார்கள். அந்த இடங்களில் ஒப்பிட்டுக் காட்டியே ஆக வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் ஜி.யு. போப் ஆங்கிலேயர்கள் தமிழ் படிப்பதற்கென்றே, அவர்கள் எங்கே தடுமாறுவார்கள் என்று பார்த்துக் கையேடு எழுதினார். நம் பிள்ளைகளுக்கு ரென் அண்டு மார்ட்டினைக் கையில் கொடுத்துவிட்டோம். ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே விளக்கும் புத்தகம் அது. அருமையான புத்தகம்தான், ஆனால் அதற்கு ‘லாரி’க்கும் ‘லாரியை’க்கும் உள்ள வேறுபாடு தெரியாது.

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் ஆறாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தின் தொடக்கத்தில் பத்துப் பக்கத்தைத் தமிழில் அச்சிடட்டும். ஐ உருபும் ‘தி’யும், ‘எனக்கு’வும் ‘ஐ’யும், ‘என்று’வுக்கு உள்ளே போகும் கேள்வி, ‘ஆமாம், வரவில்லை’, ‘ங்க’வும் ‘குட் யூ’வும் என்ற ஐந்தும் அதில் இருந்தால் போதும். எழுதுவதற்குத் தமிழாசிரியர் ஒருவரையும் ஆங்கில ஆசிரியர் ஒருவரையும் ஒரே மேசையில் உட்காரவையுங்கள். பொதுத்தேர்வில் நோட்ஸில் இல்லாத தலைப்பில் சொந்தமாக எட்டு வரி எழுதச் சொல்லி அதற்கு இருபது மதிப்பெண் வையுங்கள். தேர்வில் வராத எதையும் இந்த வட்டாரத்துப் பள்ளிகள் நடத்தமாட்டா.